ராயபுரம் ரயில் நிலையத்தைப் பார்ப்பது எப்படி: ஒரு கடற்கரை நிலையத்தின் வரலாறும் கட்டடக்கலையும்

சென்னைக் கடற்கரை நிலையத்திலிருந்து வடக்கு நோக்கிச் செல்லும் புறநகர் ரயிலின் முதல் நிறுத்தம் ராயபுரம். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1 அன்று இங்கிருந்துதான் புறப்பட்டது. இந்தியாவில் இன்றும் நிற்கும் நிலையக் கட்டடங்களில் மிகப் பழையது இதுவே என்று பொதுவாகக் கொள்கிறார்கள். இவ்வளவு சிறப்பிருந்தும், இங்கே வருபவர்களில் பலர் தூண்களின் முன்னால் நின்று ஒரு படம் எடுத்துக்கொண்டு, சரக்கு முனையத்துக்கும் லாரிகளுக்கும் நடுவே இத்தனை பெரிய முகப்பு எதற்கு என்று வியந்தபடி திரும்பிவிடுகிறார்கள். அந்த வியப்புக்கு விடை கட்டடத்துக்குள் இல்லை, கிழக்கே இருக்கிறது. ராயபுரம் நிலையம் ஒரு கடற்கரை நிலையமாகக் கட்டப்பட்டது. இடையில் எழுந்த துறைமுகம் கடலை அதன் பார்வையிலிருந்து மறைத்துவிட்டது. மறைந்த கடலை மனத்தில் மீண்டும் அதன் இடத்தில் வைத்துவிட்டுப் பார்க்கத் தொடங்கினால், இடத்தேர்வு, தூண்கள், சுவர்க்காரை, தண்டவாளம் வளைந்து செல்லும் விதம் எல்லாவற்றுக்கும் காரணம் விளங்கும். அப்படிப் பார்ப்பதற்கான ஒரு முறையை இங்கே விவரிக்கிறேன்.

புறப்படும் முன்

காலை ஏழு மணிக்கும் ஒன்பது மணிக்கும் இடைப்பட்ட நேரமே ஏற்றது. வெயில் தாழ்வாக விழும்போதுதான் பூச்சு வேலையின் மேடு பள்ளங்கள் நிழலோடு தெரியும். உச்சி வெயிலில் எல்லாச் சுவரும் ஒரே தட்டையாகத் தோன்றும். தை, மாசி மாதங்களில் செல்வது உடலுக்கும் நல்லது. மழைக்காலம் முடிந்து சில வாரங்கள் கழித்துச் சென்றால் சுவரில் உப்புப் பூத்திருப்பதையும் காணலாம். அதைப் பற்றிப் பின்னர் சொல்கிறேன்.

இது அருங்காட்சியகம் அல்ல, இயங்கிக்கொண்டிருக்கும் நிலையம். எனவே பயணச் சீட்டோ நடைமேடைச் சீட்டோ கையில் இருக்க வேண்டும். படம் எடுக்க விரும்புவோர் நிலைய மேலாளரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுவது முறை. முக்காலியோடு செல்வதாக இருந்தால் முன்கூட்டியே எழுத்துமூலம் அனுமதி பெறுவது நல்லது. பூட்டிய அறைகளுக்குள் எட்டிப் பார்ப்பதற்காகத் தண்டவாளத்தைக் கடக்கவே கூடாது. ஒரு குறிப்பேடு, திசைகாட்டி உள்ள கைப்பேசி, ஒரு சிறிய அளவு நாடா, இவை போதும்.

முதலில் கடற்கரையைப் பாருங்கள்

நேரே ராயபுரத்தில் இறங்காமல், கடற்கரை நிலையத்தில் இறங்கி ராஜாஜி சாலை வழியாக வடக்கே நடந்து வருமாறு பரிந்துரைக்கிறேன். வெயில் ஏறுவதற்குள் நடந்துவிடக்கூடிய தூரம்தான். இந்தச் சாலையின் மேற்கு ஓரத்தில் வரிசையாக நிற்கும் பெருங்கட்டடங்கள், குறிப்பாக 1884-இல் திறக்கப்பட்ட தலைமை அஞ்சலகமும், மதராஸ் வங்கிக்காக எழுப்பப்பட்டு இன்று பாரத ஸ்டேட் வங்கியின் வசம் உள்ள மாளிகையும், கிழக்கையே நோக்குகின்றன. அவை பார்த்துக்கொண்டிருப்பது கடலை. ஒரு காலத்தில் இந்தச் சாலைக்கு மறுபுறம் மணலும் அலையும்தான் இருந்தன. வணிக நிறுவனங்கள் தங்கள் மாடியிலிருந்தே கப்பல் வருவதைக் கண்டு கணக்கு எழுதிய தெரு இது.

அன்றைய சென்னைக்குத் துறைமுகம் இல்லை. கப்பல்கள் கரையிலிருந்து விலகி ஆழமான நீரில் நங்கூரமிட்டு நிற்கும். ஆட்களும் சரக்கும் மசூலா படகுகளில் ஏறி, உடைந்து எழும் அலைகளைத் தாண்டிக் கரை சேர வேண்டும். ஆணி அடிக்காமல், பலகைகளைத் தென்னை நார்க் கயிற்றால் தைத்துக் கட்டிய படகுகள் அவை. அலை மோதும்போது மரம் பிளந்துவிடாமல் சற்றே நெகிழ்ந்து கொடுப்பதற்காகவே அந்தத் தையல். வடகிழக்குப் பருவக்காற்று தொடங்கியபின் புயல் அறிகுறி தெரிந்தால், கப்பல்கள் கரையில் இறங்கிய மாலுமிகளைக்கூட விட்டுவிட்டு ஆழ்கடலுக்கு ஓடிவிடும். ராயபுரத்திலும் அதையொட்டிய கரையிலும் குடியிருந்தவர்களில் பலர் இந்தப் படகுத் தொழிலை நம்பி வாழ்ந்தவர்கள். படகோட்டிச் சமூகத்தார் தம் செலவில் எழுப்பிய இராயப்பர் தேவாலயம் நிலையத்துக்கு அருகிலேயே இருக்கிறது. முடிந்தால் அதையும் பார்த்துவிட்டுச் செல்லுங்கள். நிலையம் வருவதற்கு முன்பே இந்தப் பகுதி எந்தத் தொழிலால் வளர்ந்தது என்பதற்கு அதைவிட நல்ல சான்று கிடைக்காது.

இந்தப் பின்னணியில் ரயில் நிறுவனத்தின் இடத்தேர்வை எண்ணிப் பாருங்கள். லண்டனில் 1845-இல் முதன்முதலாகத் தொடங்கி, இடையில் கலைந்து, பின்னர் மீண்டும் உருப்பெற்ற மதராஸ் ரயில்வே கம்பெனி 1853-இல் இருப்புப் பாதைப் பணியை ஆரம்பித்தது. உள்நாட்டிலிருந்து வரும் பஞ்சும் பிற சரக்கும் கப்பலுக்குப் போக வேண்டும், கப்பலில் வரும் இரும்பும் துணியும் உள்நாட்டுக்குப் போக வேண்டும். ஆகவே பாதையின் முனை கரையில் சரக்கு இறங்கும் இடத்துக்கு அருகில் இருப்பதே இலாபம். கோட்டைக்கு வடக்கே, வணிகர்கள் நெருங்கி வாழ்ந்த கறுப்பர் நகரத்தை, அதாவது இன்றைய ஜார்ஜ் டவுனை ஒட்டி, அதே வேளையில் தண்டவாளம் விரிக்கவும் கிடங்கு கட்டவும் போதிய வெற்றிடம் உள்ளதாக, கரைக்குப் பக்கத்தில் ஓர் இடம் வேண்டும் என்றால் அது ராயபுரமாகத்தான் இருக்க முடியும். பயணிகளின் வசதி இரண்டாம் இடத்தில்தான் இருந்தது. பயணிகள் பெரும்பாலோருக்கு ஊரின் வடகோடி வசதியானதல்ல என்பது பின்னாளில் தெளிவாயிற்று.

அடுத்து, கடல் எங்கே போயிற்று என்ற கேள்வி. "அந்தக் காலத்தில் கடல் இங்கே வரை இருந்தது, பிறகு உள்வாங்கிவிட்டது" என்று பொதுவாகச் சொல்வார்கள். தெற்குப் பகுதிக்கு அது பொருந்தும், வடக்குக்குப் பொருந்தாது. 1861-இல் கடலுக்குள் நீளும் இரும்புப் பாலத்துறை ஒன்று அமைந்தது. 1876-இல் இரண்டு கற்கரங்களைக் கடலுக்குள் நீட்டித் துறைமுகம் கட்டும் பணி தொடங்கியது. 1881 நவம்பரில் வீசிய புயல் அவற்றைச் சிதைத்தது, மீண்டும் கட்டினார்கள். சோழமண்டலக் கரையில் மணல் ஆண்டு முழுவதையும் கூட்டிப் பார்த்தால் தெற்கிலிருந்து வடக்காகவே நகர்கிறது. அந்த நகர்வைத் துறைமுகத்தின் கரங்கள் மறித்தபோது, தெற்கே மணல் சேர்ந்து கோட்டைக்கு முன்னால் கரை விரிந்தது. இன்றைய மெரினாவின் அகலத்துக்கு அதுவே காரணம். வடக்கே, மணல் வரத்து நின்றுபோனதால் கடல் கரையை அரித்தது. எண்ணூர் விரைவுச் சாலை ஓரமாகக் கொட்டிக் கிடக்கும் பாறைகள் அந்த அரிப்பைத் தடுக்கப் போட்டவை. ராயபுரம் நிலையம் இந்த இரண்டுக்கும் இடையில் அகப்பட்டது. அதற்கு நேர் கிழக்கே கடல் பின்வாங்கவில்லை; துறைமுகமே வடக்காக வளர்ந்து, அதன் வடகோடிக் கப்பல்துறையான பாரதி டாக் வரை நீண்டு, அலைக்கும் நிலையத்துக்கும் நடுவில் வந்து அமர்ந்துகொண்டது. ராஜாஜி சாலையில் நடக்கும்போது வலப்பக்கம் தெரியும் துறைமுக மதிலை, பழைய கரைக்கோட்டின் மேல் எழுந்த ஒரு திரையாக எண்ணிக்கொண்டு வந்தால், நிலையத்தை அடையும்போது உங்கள் கண் தயாராக இருக்கும்.

முகப்பு

நிலையத்தின் எதிரே, முழு முகப்பும் ஒரே பார்வையில் அடங்கும் தூரத்தில் நின்றுகொள்ளுங்கள். முதலில் கவனிக்க வேண்டியது உயரம் அல்ல, நீளம். கட்டடம் தாழ்ந்து, பக்கவாட்டில் நீண்டு கிடக்கிறது. கோபுரம் இல்லை, கும்மட்டம் இல்லை. சென்னையில் ரயில் நிலையம் என்றால் நமக்கு நினைவுக்கு வருவது சென்ட்ரலின் மணிக்கூண்டும் எழும்பூரின் கும்மட்டங்களும்தான். அந்தப் பழக்கத்தோடு வருபவருக்கு இது ஒரு நிலையம் போலவே தோன்றாது. 1850-களில் ரயில் நிலையம் எப்படி இருக்க வேண்டும் என்று இந்தியாவில் யாருக்கும் முடிவான எண்ணம் இல்லை. ஆகவே கட்டியவர்கள், மதிப்புள்ள ஒரு பொதுக் கட்டடம் எப்படி இருக்குமோ அப்படியே இதையும் அமைத்தார்கள். வடிவமைத்தவராக வில்லியம் அடெல்பி டிரேசி என்பவரின் பெயர் குறிப்பிடப்படுகிறது.

அடுத்துத் தூண்கள். நம் கோயில் தூணின் தலையில் போதிகை அமரும் இடத்தில், இங்கே இருபுறமும் உள்நோக்கிச் சுருண்ட இரண்டு சுருள்கள் இருப்பதைக் காணலாம். அதுதான் அயோனிக் முறையின் அடையாளம். தலையில் வெறும் தட்டையான பலகை மட்டும் இருந்தால் டோரிக் அல்லது டஸ்கன் முறை, இலைக்கொத்து இருந்தால் கொரிந்தியன். இவ்வளவு தெரிந்தால் போதும், சென்னையின் பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கட்டடங்களில் பாதியை உங்களால் இனம் பிரிக்க முடியும். டோரிக் முறையைப் படைபலத்தோடும் வீரத்தோடும், அயோனிக் முறையை நளினத்தோடும் கல்வியோடும் தொடர்புபடுத்துவது ஐரோப்பியக் கட்டடக்கலையின் பழைய வழக்கம். 1802-இல் முடிந்த விருந்து மண்டபம், அதாவது இன்றைய ராஜாஜி மண்டபம், கிழக்கிந்தியக் கும்பினியின் வெற்றிகளைப் பாடுவதற்காகக் கட்டியது; ராயபுரமோ வணிக நிறுவனம் ஒன்று தன்னைக் கண்ணியமானதாகக் காட்டிக்கொள்ள எழுப்பியது. இரண்டையும் ஒரே நாளில் பார்ப்பவருக்கு இந்த வேறுபாடு நன்றாகப் புலப்படும்.

முகமண்டபத்தின் ஆழத்தையும் கவனியுங்கள். தூண் வரிசைக்கும் உட்சுவருக்கும் நடுவில் விடப்பட்டுள்ள அந்த நிழல் இங்கிலாந்து நிலையங்களின் முன்புறத்திலும் உண்டு; அங்கே அது மழைக்கு. இங்கே அது வெயிலுக்கும், வண்டியிலிருந்து இறங்குபவர் நனையாமலும் காயாமலும் உள்ளே போவதற்கும். உள்கூரையின் உயரமும் வாயில்களின் உயரமும் அதே காரணத்தால் வந்தவை. கடற்காற்று ஒரு பக்கத்தில் நுழைந்து மறுபக்கத்தில் வெளியேற வேண்டும் என்பதே கணக்கு. வாசல்கள் எதிரெதிராக அமைந்துள்ளனவா, மேலே வென்டிலேட்டர் திறப்புகள் உள்ளனவா என்று பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். திசைகாட்டியை வைத்துக் காற்று வரும் திசையோடு ஒப்பிடுவது பயனுள்ள பயிற்சி.

ஆண்டைக் கண்டுபிடிக்கவும் இந்த முகப்பு உதவுகிறது. கவிழ்ந்த தாமரை, குறுமாடம், கூர்வளைவு, வெங்காய வடிவக் கும்மட்டம் போன்ற இந்தோ சாரசெனிக் கூறுகள், அதாவது இந்திய, இஸ்லாமியக் கட்டட வடிவங்களை ஐரோப்பியக் கட்டடத்தோடு கலந்த பாணியின் கூறுகள், எதுவும் இங்கே இல்லை. அந்தப் பாணி சென்னையில் வேரூன்றியது, கட்டடக்கலைஞர் ராபர்ட் சிசோம் 1869-இல் தொடங்கிய சென்னைப் பல்கலைக்கழகச் செனட் மண்டபம் போன்றவற்றின் வழியாகத்தான். ராயபுரம் அதற்கு முந்தியது, 1857 கிளர்ச்சிக்கும் ஓராண்டு முந்தியது. இந்நாட்டுக் கட்டட மரபிலிருந்து எதையாவது எடுத்துக்கொள்ள வேண்டும் என்ற எண்ணமே ஆட்சியாளருக்குத் தோன்றாத காலத்தில் கட்டப்பட்ட ஒன்று அது. பக்கத்திலேயே, 1850-இல் திறக்கப்பட்டுக் கிரேக்கக் கோயில் வடிவில் நிற்கும் பச்சையப்பன் மண்டபத்தையும் பார்த்தால், அந்தப் பத்தாண்டில் சென்னையின் விருப்பம் எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது என்பது உறுதிப்படும். பச்சையப்பன் மண்டபத்தை எழுப்பிய அறக்கட்டளை இந்தியர்களுடையது என்பதால், இந்தக் கிரேக்க மோகத்தை ஆங்கிலேயர் தலையில் மட்டும் கட்டிவிட முடியாது.

சுவரும் உப்பும்

பலரும் தாண்டிப் போய்விடும் பகுதி இதுதான். என் கருத்தில் ஒரு கடலோரக் கட்டடத்தில் மிகுதியாகக் கற்றுக்கொள்ளக் கிடைப்பதும் இங்கேதான்.

தூரத்திலிருந்து பளிங்குபோலவோ கருங்கல்போலவோ தெரியும் சென்னையின் பழைய தூண்கள் பெரும்பாலும் செங்கல்லால் ஆனவை. வட்டமாகச் செங்கல் அடுக்கி, அதன்மேல் சுண்ணாம்புக் காரை பூசி, மேலும் மேலும் மெல்லிய பூச்சுகளாக இழைத்துத் தேய்த்து மெருகேற்றுவார்கள். கடற்கரையில் கிடைக்கும் கிளிஞ்சலைச் சுட்டு எடுத்த சுண்ணாம்பு, நைஸ் மணல், கடுக்காய் ஊறல், வெல்லத் தண்ணீர், மேல்பூச்சுக்கு முட்டை வெண்கரு என்று அதற்குத் தனிக் கைப்பக்குவம் இருந்தது. மதராஸ் சுண்ணாம்புப் பூச்சு அன்று ஐரோப்பியப் பயணிகள் வியந்து எழுதிய ஒன்று. கிரேக்க வடிவம் வெளியிலிருந்து வந்தாலும் அதைச் செய்துகாட்டிய கையும் பொருளும் இந்தக் கரையைச் சேர்ந்தவை.

தூணையோ சுவரையோ தொட்டுப் பார்க்க வாய்ப்புக் கிடைத்தால் விரல் முட்டியால் மெல்லத் தட்டுங்கள். கெட்டியான ஒலி வந்தால் காரை செங்கல்லோடு பிடிப்பாக இருக்கிறது. பொள்ளலான ஒலி வந்தால் அது உள்ளே பிரிந்து நிற்கிறது. சுவரின் அடிப்பகுதியில், தரையிலிருந்து இடுப்பளவு வரை, வெண்மையான தூள் படிந்திருந்தால் அதைத்தான் கொத்தனார்கள் உப்புப் பூத்தது என்பார்கள். நிலத்தடி நீரும் கடற்காற்றும் கொண்டுவந்த உப்பு சுவருக்குள் கரைந்து ஏறுகிறது. நீர் ஆவியாகும்போது உப்பு அங்கேயே படிகமாகிறது. படிகம் வளரும்போது செங்கல்லின் நுண்துளைகளை உள்ளிருந்து தள்ளி உடைக்கிறது. மழைக்காலத்தில் கரைவதும் பின்னர் படிவதுமாக இந்தச் சுழற்சி ஆண்டுதோறும் நடப்பதால், ஒரே புயலைக் காட்டிலும் இந்த மெதுவான வேலையே கடலோரக் கட்டடங்களை அதிகமாகத் தின்கிறது.

இங்கே ஒட்டுவேலையைக் கண்டறியும் வழி ஒன்றும் உண்டு. சுண்ணாம்புக் காரைக்குச் சற்று மூச்சு விடும் தன்மை உள்ளது. ஈரம் அதன் வழியாக வெளியேறிவிடும், உப்பும் பூச்சின் மேற்பரப்பிலேயே பூத்து உதிரும். சிமெண்டு பூசிய இடத்தில் ஈரம் வெளியேற வழியின்றிப் பக்கத்துக்கோ மேலுக்கோ நகர்ந்து, ஒட்டுப் போட்ட இடத்தின் விளிம்பை அடுத்துப் பழைய காரையைப் பெயர்த்துவிடும். ஆகவே சாம்பல் நிறத்தில், விளிம்பு கூராக, கெட்டியாக ஒரு திட்டும் அதைச் சுற்றி உதிர்ந்துபோன வளையமும் கண்ணில் பட்டால், நல்லெண்ணத்தோடு பிற்காலத்தில் செய்யப்பட்ட பழுதுபார்ப்பு அது என்று குறித்துக்கொள்ளலாம். பழைய சுவருக்குச் சிமெண்டு வேண்டாம் என்று பழங்கட்டடப் பாதுகாப்புப் பொறியாளர்கள் திரும்பத் திரும்பச் சொல்வதன் காரணம் இவ்வளவுதான். பூசுகிற நாளில் சிமெண்டு மலிவாகவும் விரைவாகவும் முடியும் என்பதால், இந்த அறிவுரையைக் கேட்பவர் குறைவு.

அண்ணாந்து பார்க்க முடிந்த இடங்களில் கூரையையும் ஆராயுங்கள். இந்தக் காலத்துச் சென்னைக் கட்டடங்களில் வழக்கமாகக் காணப்படுவது மெட்ராஸ் டெரஸ் என்ற தட்டைக் கூரை. தேக்கு விட்டங்களை நெருக்கமாக வைத்து, மெல்லிய செங்கற்களைக் குத்துவாக்கில், விட்டங்களுக்குக் குறுக்குச் சாய்வாகச் சுண்ணாம்பில் பதித்து, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, பலகைக் கட்டைகளால் நாள்கணக்கில் அடித்து இறுக்குவார்கள். கீழிருந்து பார்த்தால் விட்டங்களும் அவற்றுக்கிடையே சாய்ந்த செங்கல் வரிகளும் தெரியும். விட்டம் இருக்க வேண்டிய இடத்தில் இரும்பு உத்திரம் தெரிந்தால், அது பெரும்பாலும் பின்னாளைய மாற்றம். அதன் அடியில் துருக்கறை வழிந்திருந்தால் கடற்காற்று அங்கும் வேலை செய்கிறது.

ராயபுரத்தின் முகப்பு 2005-இல் புதுப்பிக்கப்பட்டது. அதற்கு முன்பு கட்டடத்தின் சில பகுதிகள் கவனிப்பாரின்றிக் கிடந்தன. எனவே நீங்கள் காணும் வண்ணமும் வழவழப்பும் 1856-ஐச் சேர்ந்தவை என்று எண்ண வேண்டாம். பழைய பூச்சு மிஞ்சியிருக்க வாய்ப்புள்ள இடங்கள் யாரும் படம் எடுக்காத மூலைகள்தான்: பக்கச் சுவர், பின்புறம், மழைநீர்க் குழாய்க்குப் பின்னால்.

தண்டவாளப் பக்கம்

இப்போது நடைமேடைக்கு வந்து, கட்டடத்தின் முதுகைப் பாருங்கள். இன்று ராயபுரம் வழியில் உள்ள ஒரு நிறுத்தம். தெற்கே கடற்கரைக்கும் வடமேற்கே வண்ணாரப்பேட்டைக்கும் வண்டிகள் இருபுறமும் ஓடுகின்றன. கட்டப்பட்டபோதோ இது பாதையின் முனை. முனை நிலையத்துக்கும் வழி நிலையத்துக்கும் கட்டட அமைப்பில் வேறுபாடு உண்டு. முனையில் எல்லாரும் ஒருமுறை இறங்கியாக வேண்டும், எல்லாச் சரக்கும் கைமாறியாக வேண்டும், எஞ்சின் திரும்பியாக வேண்டும். ஆகவே பெரிய கூடம், கிடங்குகள், பணிமனைகள், அலுவலகங்கள், விரிந்த தளம் எல்லாம் தேவைப்படும். ராயபுரத்தைச் சுற்றி இன்றும் ரயில்வேயின் வசம் உள்ள பரந்த நிலமும், இங்குள்ள பெரிய மின் எஞ்சின் பணிமனையும் அந்த முனைத்தன்மையின் எச்சங்கள். சென்னைக்கு மேலும் ஒரு முனையம் ராயபுரத்தில் வேண்டும் என்ற நெடுநாள் கோரிக்கைக்கும் இந்த நிலமே காரணம்.

திறப்பு விழாவை இந்தப் பக்கத்தில் நின்று நினைத்துப் பார்ப்பது பொருத்தம். 1856 ஜூன் 28 அன்று ஆளுநர் ஹாரிஸ் பிரபு நிலையத்தைத் திறந்துவைத்தார். அவரும் ஏறத்தாழ 300 ஐரோப்பிய விருந்தினரும் ஏறிய வண்டி ஏறக்குறைய 100 கிலோமீட்டர் மேற்கே ஆர்க்காட்டுக்கு அருகிலுள்ள வாலாஜா ரோடு வரை சென்றது. இன்னொரு வண்டி திருவள்ளூருக்குப் போய் வந்தது. மூன்று நாள் கழித்துப் பொதுமக்களுக்கான போக்குவரத்து தொடங்கியது. 1,676 மில்லிமீட்டர் அகலமுள்ள அதே பாதையகலம்தான் இன்றும் இங்கே இருக்கிறது. நடைமேடையில் நிற்கும்போது மாறாமல் எஞ்சிய அளவு என்று உறுதியாகக் கைகாட்டக்கூடியது அது ஒன்றே. அங்கிருந்து மேற்கே நீண்ட பாதை 1862-க்குள் மலபார்க் கரையில் பேப்பூர்ப் பக்கத்தைத் தொட்டது. ராயபுரம் அப்போது இரு கடற்கரைகளை இணைக்கும் பாதையின் கிழக்கு முனையாக இருந்தது.

முதன்மை கைநழுவியது படிப்படியாக. ஊரின் நடுப்பகுதிக்கும் தெற்குப் பகுதிக்கும் அருகில் நிலையம் வேண்டும் என்ற தேவையால் 1873-இல் சென்ட்ரல் வந்தது. 1907-இல் தொலைதூர வண்டிகளுக்கு அதுவே முதன்மை நிலையமாயிற்று. 1908-இல் மதராஸ் ரயில்வே, தென் மராட்டா ரயில்வேயோடு இணைந்தது. அந்தப் புதிய நிறுவனத்தின் தலைமையகம் ராயபுரத்திலேயே இருந்து, 1922-இல் சென்ட்ரலுக்குப் பக்கத்தில் எழுந்த பெரிய கட்டடத்துக்கு மாறியது. தெற்கு ரயில்வே இன்று இயங்குவது அங்கிருந்துதான். பயணிகளும் அதிகாரிகளும் போனபின் ராயபுரத்துக்கு மிஞ்சியது துறைமுகச் சரக்கு. அதாவது, எந்தக் காரணத்துக்காக இந்த இடத்தைத் தேர்ந்தார்களோ அந்தக் காரணம் மட்டும் கடைசிவரை கூடவே இருந்தது. முகப்பின் சிறப்பு மங்கியதற்கும், அது இடிக்கப்படாமல் தப்பியதற்கும் இதுவே காரணம் என்று கருதுகிறேன். பயணிகள் பெருகிய நிலையமாக இது நீடித்திருந்தால், இடம் போதவில்லை என்று எப்போதோ இடித்துக் கட்டியிருப்பார்கள். 1853-இல் இந்தியாவின் முதல் பயணிகள் ரயிலைக் கண்ட மும்பை போரிபந்தர் நிலையத்தின் முதல் கட்டடத்துக்கு நேர்ந்தது அதுதான்.

முதல் என்ற பட்டத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை. ராயபுரம் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் நிலையம். முதல் இருப்புப் பாதை அல்ல. 1837-லேயே செங்குன்றத்திலிருந்து சாலைக்கான கல்லைச் சிந்தாதிரிப்பேட்டைப் பக்கம் கொண்டுவர ஒரு சரக்குப் பாதை இயங்கியது. பிறருக்கு வழிகாட்டுபவராக நீங்கள் வருவதாக இருந்தால் இந்த வேறுபாட்டைச் சொல்லிவிடுங்கள், இல்லையேல் கூட்டத்தில் ஒருவர் நிச்சயம் கேட்பார்.

பார்த்ததைச் சரிபார்க்க

குறிப்பேட்டில் எழுதியதை அன்றே ஆவணங்களோடு ஒப்பிடத் தொடங்குவது நல்லது. திறப்பு விழாவை ஒட்டி இல்லஸ்டிரேட்டட் லண்டன் நியூஸ் இதழ் 1856-இல் நிலையத்தின் படத்தை வெளியிட்டது. அந்தப் படத்தை அச்சிட்டு எடுத்துச் சென்று முகப்பின் எதிரே வைத்து, எவை எஞ்சியுள்ளன, எவை மறைந்தன என்று ஒவ்வொன்றாகச் சரிபார்க்கலாம். அச்சுக்காகப் படத்தைச் செதுக்குபவர் லண்டனில் அமர்ந்து வரைந்திருப்பார் என்பதால் அளவுகளை அப்படியே நம்ப வேண்டாம். தூண்களின் எண்ணிக்கையும் வரிசையும் மட்டும் பயன்படும். எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் அக்கால அரசுக் கடிதப் போக்குவரத்தும், கன்னிமாரா நூலகத்தில் பழைய நகர வரைபடங்களும் ரயில்வே அறிக்கைகளும் உள்ளன. வரைபடங்களைத் தேடும்போது துறைமுகத்துக்கு முந்தியது ஒன்றும் பிந்தியது ஒன்றுமாக எடுத்து, கரைக்கோட்டை ஒன்றின்மேல் ஒன்றாக வரைந்து பாருங்கள். காலையில் ராஜாஜி சாலையில் மதிலைப் பார்த்து ஊகித்தது சரிதானா என்பது அப்போது தெரிந்துவிடும். பழைய எஞ்சின்களையும் பெட்டிகளையும் காண விரும்புவோருக்குப் பெரம்பூரில் ரயில் அருங்காட்சியகம் இருக்கிறது.

இன்னொரு நாள் ஒதுக்க முடிந்தால் 1856-இன் அதே பாதையில் பயணம் செய்யலாம். ராயபுரம் வழியாக அரக்கோணம் செல்லும் புறநகர் வண்டிகள் உண்டு. அங்கே மாறி வாலாஜா ரோடு வரை போகலாம். கடற்கரை அரக்கோணம் வண்டிகளின் நேரம் அடிக்கடி மாறுவதால் முதல் நாள் இரவே அட்டவணையைப் பார்த்துவிட்டு, திரும்பி வருவதற்கான சீட்டையும் ராயபுரத்திலேயே வாங்கிக்கொள்ளுங்கள்.